பந்தும் பேரேடும்

நாவல் எழுதுகிறவனுக்குக் கால்பந்தாட்டத்தில் என்ன வேலை என்று ஒரு நண்பர் கேட்டு எழுதியிருக்கிறார். அதுவும் இங்கிலாந்துக் கால்பந்தாட்டம். அதிலும் பந்தைப் பற்றி அல்ல, பணத்தைப் பற்றி. நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு பேர் ஒரு விஷயத்துக்காக உயிரை விட்டுச் சண்டை போடுகிறார்கள் என்றால், அங்கே நின்று காது கொடுப்பது என் தொழிலைச் சேர்ந்தது. சண்டை எதைப் பற்றி என்பது எனக்கு இரண்டாம் பட்சம். இந்தச் சண்டையில் மட்டும் அது இரண்டாம் பட்சமாக இருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2022 ஏப்ரலில் உறவினர் வீட்டில் சில வாரம் தங்குவதற்காக மான்செஸ்டருக்குப் போயிருந்தேன். அங்கிருந்து வடக்கே பரி என்ற ஊருக்கு ஒரு ட்ராம் வண்டி போகிறது. ஒரு நாள் அதில் ஏறினேன். எதிரே வெளிர்நீலச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன். மான்செஸ்டர் சிட்டி கிளப்பின் நிறம் அது. அவனுக்குப் பக்கத்தில் எழுபதைத் தாண்டிய ஒரு கிழவர். முதலில் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் பேச்சு ‘நிதி நியாயம்’ என்ற விதிகளுக்கு வந்துவிட்டது.

இளைஞனின் கட்சி இது: “பணம் வைத்திருப்பவன் தன் கிளப்புக்குச் செலவழிக்கிறான். யார் அதைத் தடுப்பது? நாங்கள் 1998-ல் மூன்றாம் படியில் கிடந்தோம். அப்போது எங்களுக்காக யார் அழுதார்கள்? இன்று ஜெயிக்கிறோம் என்றதும் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.”

கிழவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஊர்ப் பேச்சில் அவர் அழைத்த விதத்துக்குத் தமிழில் ‘தம்பி’ என்பதுதான் பொருத்தம். “தம்பி, நீ உன் கிளப்பைப் பற்றிப் பேசுகிறாய். பேச எனக்குக் கிளப் இல்லை.”

இளைஞன் வாயை மூடிக்கொண்டான். கடைசி நிறுத்தம் வரை யாரும் பேசவில்லை.

அந்தக் கிழவரின் கிளப் பரி. 1885-ல் பிறந்தது. 1900-லும் 1903-லும் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. இரண்டாம் தடவை டெர்பி கௌண்டியை ஆறுக்குப் பூஜ்யம் என்று அடித்தது. இறுதி ஆட்டத்தில் அவ்வளவு பெரிய வெற்றியை நூறு வருஷத்துக்கு மேலாக எவனாலும் எட்ட முடியவில்லை. 2019 மே மாதத்தில் ஒரு கிளப் எட்டியது. வாட்ஃபோர்டை அதே ஆறுக்குப் பூஜ்யம் என்று அடித்தது. அந்தக் கிளப் மான்செஸ்டர் சிட்டி! மூன்று மாதம் கழித்து, ஆகஸ்டு மாதம், பரி கிளப்பை லீகிலிருந்து வெளியே தள்ளினார்கள். கடனைத் தீர்க்கப் பணம் இருக்கிறது என்று அதன் முதலாளியால் காட்ட முடியவில்லை. அவர் அதற்கு எட்டு மாதம் முன்புதான் அந்தக் கிளப்பை வாங்கியிருந்தார். விலை ஒரு பவுன். ஒரே ஒரு பவுன். அந்த ஊரில் ஒரு வேளைச் சாப்பாடு அந்த விலைக்குக் கிடைக்காது. இதில் இன்னொரு வேடிக்கை: அந்த வருஷம் பரி தோற்றுப்போய்க் கிடக்கவில்லை. தன் பிரிவில் இரண்டாவதாக வந்து மேல் பிரிவுக்கு உயர்ந்திருந்தது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த விதிகளைப் பார்ப்போம்.

ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஏஃபா 2009-ல், மிஷேல் பிளாட்டினி தலைவராக இருந்தபோது, ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. ‘வரவுக்குள் செலவு செய்’ என்பதுதான் அதன் சாரம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிமார்கள் சொன்னதை அவர்கள் பத்திப் பத்தியாகச் சட்டமாக எழுதினார்கள். இங்கிலாந்தின் பிரிமியர் லீக் 2013-ல் தனக்கென்று ஒரு விதி செய்துகொண்டது: மூன்று வருஷத்தில் 10 கோடியே 50 லட்சம் பவுனுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது. 2022-ல் யூஏஃபா தன் விதியைத் திருத்தி எழுதியது. ஆட்டக்காரர்களின் சம்பளம், அவர்களை வாங்கும் செலவு, தரகு எல்லாம் சேர்ந்து வரவில் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. முதல் வருஷம் 90, அடுத்த வருஷம் 80 என்று படிப்படியாக இறக்கியது. 2025 நவம்பரில் பிரிமியர் லீக் கிளப்புகளும் வாக்கெடுத்து, 2026-27 முதல் 85 சதவீதம் என்ற தங்கள் கணக்குக்கு மாறுவதென்று முடிவு செய்தன.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. கடன் வாங்கிக் கூத்தாடாதே என்பதை யார் மறுப்பது? லீட்ஸ் கிளப் நாளை வரப்போகும் வரவை நம்பி இன்று கடன் வாங்கியது. 2001-ல் ஐரோப்பாவின் அரை இறுதி வரை போனது; 2004-ல் மேல் பிரிவை விட்டே இறங்கியது. போர்ட்ஸ்மத் 2008-ல் கோப்பையை வாங்கியது. 2010-ல் திவால் நிர்வாகத்துக்குப் போன முதல் பிரிமியர் லீக் கிளப் என்ற பெருமையையும் வாங்கிக்கொண்டது. ஆகவே விதி வேண்டும் என்கிறவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் விதி என்ன சொல்லுகிறது என்று இன்னொரு தடவை படியுங்கள். எவ்வளவு செலவு செய்யலாம் என்று அது சொல்லவில்லை. வரவில் எத்தனை பங்கு என்றுதான் சொல்லுகிறது. நூறு வேலி நிலம் உள்ள மிராசுதாரும் அரைக்காணிக் குடியானவனும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். பஞ்சாயத்து கூடி, ‘இனி அவரவர் விளைச்சலில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் யாரும் செலவழிக்கக் கூடாது, இருவருக்கும் ஒரே நீதி’ என்று தீர்ப்புச் சொல்லுகிறது. மிராசுதார் தலையாட்டுவாரா, மாட்டாரா? ஆட்டுவார், பஞ்சாயத்தாருக்குச் சந்தனமும் கொடுப்பார். குடியானவன் தன் பிள்ளையின் படிப்புக்காக யாரிடமாவது பணம் வாங்கலாம் என்றிருந்தானே, அந்த வழியும் அடைபட்டது. இதற்குப் பெயர் நடுநிலைமை!

நியூகாஸில் கிளப்பை 2021 அக்டோபரில் சௌதி அரேபிய அரசின் நிதியம் வாங்கியது. உலகத்துப் பணமெல்லாம் அந்த வாசலில் வந்து நின்றது. அரசாங்கங்கள் கிளப் வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு ராஜ்யம் தன் பெயருக்குப் பூச்சுப் பூச ஒரு ஊரின் சனிக்கிழமை மாலையை விலைக்கு வாங்குவது அசிங்கம். ஆனால் விதி அந்த அசிங்கத்தைத் தடுத்ததா? இல்லை. வாங்க விட்டது. வாங்கிய பிறகு செலவைத்தான் தடுத்தது. அதன் பலன் என்ன? 2024 ஜூன் 30-ந் தேதிக்குள் கணக்கைச் சரிக்கட்ட வேண்டும் என்பதற்காக நியூகாஸில் இரண்டு இளம் ஆட்டக்காரர்களை விற்றது. ஒருவன் எலியட் ஆண்டர்சன், அந்தப் பக்கத்திலேயே பிறந்து, அந்தக் கிளப்பிலேயே வளர்ந்தவன். மறு வருஷமே இங்கிலாந்துக்காக ஆடினான்.

உலகத்திலேயே பெரிய பணக்காரன் கையில் இருக்கிற கிளப், பணமில்லாமல் வீட்டுப் பிள்ளையை விற்றது. ஏன் வீட்டுப் பிள்ளையை? இங்கேதான் பேரேட்டின் சூட்சுமம் இருக்கிறது. வெளியிலிருந்து 8 கோடிக்கு ஓர் ஆட்டக்காரனை வாங்கி எட்டு வருஷ ஒப்பந்தம் எழுதினால், வருஷத்துக்கு ஒரு கோடிதான் செலவு என்று கணக்கில் எழுதலாம். மிஷினுக்கும் மோட்டாருக்கும் எழுதுகிற தேய்மானம் மாதிரிதான். சொந்தமாக வளர்த்த பிள்ளைக்கோ கணக்கில் விலை பூஜ்யம். ஆகவே அவனை விற்றால் வருகிற பணம் முழுக்க லாபம். ஊர்ப் பிள்ளையை விற்பவனுக்கு விதியே பரிசு கொடுக்கிறது. செல்சீ கிளப் இதை நன்றாகப் புரிந்துகொண்டது. தன்னிடம் வளர்ந்த மேசன் மவுண்டை 2023-லும் கானர் கேலகரை 2024-லும் விற்றது. வெளியிலிருந்து வாங்கியவர்களுக்கு ஏழு வருஷம், எட்டு வருஷம் என்று ஒப்பந்தம் எழுதியது. தேய்மானத்தை ஐந்து வருஷத்துக்குமேல் நீட்டக்கூடாது என்று யூஏஃபாவும், பிறகு பிரிமியர் லீகும் 2023-ல் கதவைச் சாத்தின. அதற்குள் மாடு வெளியே போய்விட்டது.

அதோடு நின்றதா? கணக்கில் துண்டு விழுந்தபோது செல்சீ தன் மைதானத்தை ஒட்டிய இரண்டு ஓட்டல்களை 7 கோடியே 65 லட்சம் பவுனுக்கு விற்றது. யாருக்கு? தன் சொந்தச் சகோதரக் கம்பெனிக்கு. வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்டுவிட்டு, ‘வரவு’ என்று எழுதினார்கள். அடுத்த வருஷம் பெண்கள் அணியையே அப்படித் தாய்க் கம்பெனிக்கு விற்றார்கள். பிரிமியர் லீக் இதை ஏற்றுக்கொண்டது. யூஏஃபா ஏற்கவில்லை, கணக்கு விதிகளை மீறியதற்காக 2025 ஜூலையில் செல்சீக்கு 3 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் போட்டது. ஓட்டல் விற்கிற வசதி இருக்கிறவனுக்கு அபராதம் கட்டுகிற வசதியும் இருக்கிறது.

தண்டனைக்கு வருவோம். எவர்ட்டன் கிளப் மூன்று வருஷத்தில் 12 கோடியே 45 லட்சம் பவுன் நஷ்டம் காட்டியது. எல்லையைத் தாண்டி 1 கோடியே 95 லட்சம். 2023 மார்ச்சில் புகார், நவம்பரில் தீர்ப்பு: பத்துப் புள்ளி வெட்டு. மேல்முறையீட்டில் அது ஆறாகக் குறைந்தது. அடுத்த கணக்குக்கு இன்னும் இரண்டு வெட்டினார்கள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு நாலு புள்ளி போயிற்று. ஃபாரஸ்டின் குற்றத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். பிரென்னன் ஜான்சன் என்ற தங்கள் பையனை ஜூன் 30-க்குள் விற்றிருந்தால் கணக்குப் பெரும்பாலும் நேராகியிருக்கும். அவர்கள் காத்திருந்து செப்டம்பர் முதல் தேதி 4 கோடியே 75 லட்சத்துக்கு விற்றார்கள். முன்னே கிடைத்திருக்கக்கூடியதை விட நல்ல விலை. நல்ல விலைக்கு விற்றதற்காகத் தண்டனை வாங்கிய வியாபாரியை வேறெங்கும் நான் கண்டதில்லை.

மறுபக்கம் பாருங்கள். மான்செஸ்டர் சிட்டியின் மேல் 2023 பிப்ரவரியில் நூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகள் கொண்டுவந்தார்கள். கிளப் எல்லாவற்றையும் மறுக்கிறது. விசாரணை 2024 செப்டம்பரில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு மாதங்கள் பல ஓடின, தீர்ப்பு வெளிவரவில்லை. அதே கிளப்புக்கு யூஏஃபா 2020-ல் போட்ட இரண்டு வருஷத் தடையை விளையாட்டு நடுவர் மன்றம் ரத்து செய்து, 3 கோடி யூரோ அபராதத்தை 1 கோடியாக்கியது. அவர்கள் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை. எவர்ட்டன் எல்லை மீறியதை ஒப்புக்கொண்டது, சிட்டி ஒப்புக்கொள்ளவில்லை, ஆகவே காலம் பிடிக்கத்தான் செய்யும் என்று எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் விளக்கினார். சரி. ஆனால் மறுத்து நின்று வழக்காட, வருஷக்கணக்கில் பெரிய வக்கீல்களுக்குப் படியளக்க வேண்டும். அது எவர்ட்டனுக்கு எட்டுமா? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லுவது என்று தெரியாமல் விழித்தேன்.

இப்போது அந்த ட்ராம் வண்டிக்குத் திரும்பலாம். இளைஞன் சொன்னது சரியா? பாதி சரி. இந்த விதிகள் பழைய பணக்காரர்கள் புதுப் பணக்காரர்களுக்கு எதிராக எழுப்பிய மதில். ஆனால் அவன் கேட்கிற விமோசனம் என்ன? ஒரு ஷேக் வரட்டும், ஒரு கோடீசுவரன் வரட்டும், அள்ளிக் கொட்டட்டும் என்பது. அதாவது ஒவ்வொரு ஊரும் தன் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ராஜகுமாரனுக்காகக் காத்திருக்க வேண்டும். ராஜகுமாரனும் வரலாம், ஒரு பவுன் கொடுத்து வாங்குகிறவனும் வரலாம். பரிக்கு வந்தது இரண்டாமவன்.

விதிக் கட்சிக்காரர்கள் பரியைக் காட்டி, ‘பார், விதி இல்லாவிட்டால் இதுதான் கதி’ என்பார்கள். பொய். பரி ஆடிய கீழ்ப் பிரிவுகளிலும் விதி இருந்தது. சம்பளச் செலவு வரவில் இத்தனை சதவீதம் என்று அங்கும் வரம்பு கட்டியிருந்தார்கள். ஆனால் முதலாளி கொடையாகப் போடுகிற பணத்தையும் வரவு என்று எழுதலாம் என்று விட்டிருந்தார்கள். முதலாளி கொடுக்கிற வரை கணக்கு நேர். கொடுக்காத அன்று கிளப் இல்லை. பேரேடு கடைசி வரை ஒழுங்காக இருந்தது, நோயாளிதான் பிழைக்கவில்லை.

அப்படியானால் என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்கள். நான் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அவர்கள் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது. 1983 வரை இங்கிலாந்து லீகில் ஒரு வழக்கம் இருந்தது. உன் ஊருக்கு வந்து ஆடுகிற கிளப்புக்கு உன் வாசல் வசூலில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். எதிரே ஆட ஒருவன் இல்லாமல் உனக்கு ஆட்டமே இல்லை அல்லவா? எதிராளிக்கும் பசிக்கும் என்ற சாதாரண புத்தி. பெரிய கிளப்புகள் அதை எடுத்துவிட்டார்கள். ஏறத்தாழ அதே காலத்தில், பங்குதாரர் லாபத்துக்கு இருந்த பழைய வரம்பைத் தாண்டுவதற்காக டாட்டனம் கிளப் மேலே ஒரு கம்பெனியை வைத்துப் பங்குச் சந்தைக்குப் போனது. 1992-ல் மேல் பிரிவின் 22 கிளப்புகள் டெலிவிஷன் பணத்தைக் கீழே உள்ளவர்களோடு பங்கிட மனமில்லாமல் தனிக்குடித்தனம் போய்விட்டன. அதன் பெயர்தான் பிரிமியர் லீக். வல்லான் வகுத்ததே வாய்க்கால். வாய்க்காலைத் திருப்பிவிட்டு, கடைமடைக்காரனைப் பார்த்து, ‘தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழி’ என்று உபதேசம் செய்கிறார்கள்!

பழைய காலமெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்லுவதாக நினைக்க வேண்டாம். 1901 முதல் அங்கே ஆட்டக்காரனுக்குச் சம்பள உச்சவரம்பு இருந்தது. வாரம் 4 பவுனில் தொடங்கி, கடைசியில் 20 பவுனில் நின்றது. அதற்கும் அன்று சொன்ன காரணம் ‘சின்ன கிளப்புகளைக் காப்பாற்ற’ என்பதே. காப்பாற்றியதும் உண்டு, 1960-ல் பர்ன்லி போன்ற சின்ன ஊர் சாம்பியனாக வந்தது. ஆனால் அந்தச் சமத்துவத்தின் செலவை யார் கொடுத்தார்கள்? அறுபதினாயிரம் பேர் காசு கொடுத்துப் பார்க்க வந்தவனை 20 பவுனோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். 1961-ல் ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் என்று எழுந்து நின்ற பிறகுதான் அது ஒழிந்தது. ஜானி ஹேன்ஸ் வாரம் 100 பவுன் வாங்கினார். வானம் இடிந்து விழவில்லை. இன்றைய 70 சதவீதமும் 85 சதவீதமும் அதே கத்தியின் வேறு பிடிதான். ஆட்டக்காரன் பங்குக்கு வரம்பு உண்டு. முதலாளி எடுக்கிற பங்குக்கு அதில் வரம்பு இல்லை.

வசூலைப் பங்கிடுங்கள், டெலிவிஷன் பணத்தைக் கடைசிப் படி வரை இறக்குங்கள், கிளப்பை வாங்க வருகிறவனின் பையையும் யோக்கியதையையும் வாங்குவதற்கு முன்னே பாருங்கள். மூன்றாவது வேலைக்காக 2025 ஜூலையில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் நிறைவேற்றித் தனி அதிகாரியை ஏற்படுத்தியிருக்கிறது. பரி ஒழிந்து ஆறு வருஷம் கழித்து! முதல் இரண்டும் நடந்தால் வரவு விகிதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை.

பெரிய கிளப்புகள் இதற்கு ஒப்புமா என்று கேட்கிறார்கள். ஒப்பாது. மிராசுதார் தானாக எந்தக் காலத்தில் வரப்பை வெட்டிவிட்டார்? ஆனால் எனக்கு வருத்தம் அவர்கள் மேல் அல்ல. ரசிகர்கள் மேல். பந்து எப்படி வளைந்து போனது என்று பேசிய பிள்ளைகள் இன்று தேய்மானம் பேசுகிறார்கள். ‘என் முதலாளியின் நஷ்டம் உன் முதலாளியின் நஷ்டத்தை விட யோக்கியமானது’ என்று கணக்குப்பிள்ளைகளாகி மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சம்பளம் வாங்காத கணக்குப்பிள்ளைகள். இதைப் பார்த்து இரண்டு முதலாளிகளும் சிரிக்க மாட்டார்களா?

இவர்களால் முடியாது என்பதும் இல்லை. 2021 ஏப்ரல் 18-ந் தேதி ஐரோப்பாவின் பன்னிரண்டு பணக்காரக் கிளப்புகள், அவற்றில் ஆறு இங்கிலாந்தைச் சேர்ந்தவை, ஒரு ‘சூப்பர் லீக்’ ஆரம்பிப்பதாக அறிவித்தன. தோற்றாலும் கீழே இறங்க வேண்டாத நிரந்தர ஆசனங்கள் ஸ்தாபகர்களுக்கு. இரண்டாம் நாள் செல்சீயின் மைதானத்துக்கு வெளியே அந்தக் கிளப்பின் ரசிகர்களே தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஆட்டக்காரர்கள் வந்த பஸ் உள்ளே போக முடியவில்லை. அவர்களுடைய பழைய கோல்காவலர் பீட்டர் செக் இறங்கி வந்து, வழி விடுங்கள் என்று கெஞ்சினார். ஆட்டம் கால் மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. தெருவில் நின்றபோதே, கிளப் பின்வாங்குகிறது என்ற செய்தி வந்துவிட்டது. இரவு முடிவதற்குள் ஆறு இங்கிலாந்துக் கிளப்புகளும் பின்வாங்கின. அன்றைக்கு அந்தத் தெருவில் யாரும் யாருடைய பேரேட்டையும் பற்றிப் பேசவில்லை.